கறுப்பு மாதா வீட்டில் ஒரு கடை

பிராக் நகரத்தின் பழைய பகுதிக்குள் நுழைவதற்கு வெடிமருந்துக் கோபுரம் என்று பெயர்பெற்ற கரிய வாயில் ஒன்று இருக்கிறது. அதன் அடியில் புகுந்து செலெட்னா தெருவில் நடந்தால், சில நிமிடங்களிலேயே இடப்புறம் பழச்சந்தைச் சதுக்கம் வந்து தெருவோடு சேரும் மூலை தென்படும். அந்த மூலையில், முதல் தளத்தின் உயரத்தில், பொன்முலாம் பூசிய கம்பிக் கூட்டுக்குள் கையில் குழந்தையுடன் கறுப்பு மாதா ஒருத்தி நிற்கிறாள். சிலை பரோக் காலத்தது, அதாவது வளைவும் அசைவும் மிகுந்த பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுக் கலைப் பாணியின் காலத்தது. அவள் ஒட்டிக்கொண்டு நிற்கும் கட்டடமோ 1911இல் தொடங்கி 1912இல் முடிந்த கான்கிரீட் கட்டடம். ஹெர்ப்ஸ்ட் என்ற வணிகருக்காகக் கட்டப்பட்ட பேரங்காடி அது. இன்று பிராக் அலங்காரக் கலை அருங்காட்சியகத்தின் ஒரு கிளை அதற்குள் இருக்கிறது. பொருளின் வடிவத்தைக் கோணங்களாகவும் பட்டைகளாகவும் உடைத்துக் காட்டிய கலைப் பாணிக்குக் கியூபிசம் என்று பெயர். செக் நாட்டுக் கியூபிசத்தின் நாற்காலிகளும் கோப்பைகளும் கடிகாரங்களும் விளக்குகளும் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றன.

அந்த மாதா அங்கே நிற்பது வழிபாட்டுக்காக மட்டுமன்று. வீடுகளுக்கு எண் இடும் வழக்கம் பிராகில் 1770இல்தான் வந்தது. அதற்கு முன்பு ஒவ்வொரு வீடும் தன் வாசலுக்கு மேல் இருந்த அடையாளத்தாலேயே அறியப்பட்டது. மீன், கரடி, திறவுகோல், நட்சத்திரம் என்று எதுவும் ஒரு வீட்டின் பெயராகலாம். இந்த மனையில் முன்பு நின்ற பழைய வீட்டுக்குக் கறுப்பு மாதா அடையாளம். ஹெர்ப்ஸ்ட் அந்த வீட்டை இடித்துவிட்டுப் புதிய கடையைக் கட்டியபோது, சிலையைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்து புதிய மூலையில் மறுபடியும் ஏற்றினார்கள். அதனால் கட்டடம் புதிதாகியும் பெயர் மாறவில்லை. நகரத்தில் இன்றும் இதை யாரும் ஹெர்ப்ஸ்ட் கடை என்று சொல்வதில்லை. கறுப்பு மாதா வீடு என்றே சொல்கிறார்கள். வணிகர் தம் பெயருக்காக இவ்வளவு செலவழித்துக் கட்டியிருந்தால், அந்த வகையில் அவருக்கு நட்டம்தான்.

நான் இந்தக் கட்டடத்துக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை கியூபிசத்தைப் பார்க்கப் போனேன். இரண்டாம் முறை கடையைப் பார்க்கப் போனேன். இரண்டும் ஒன்றல்ல என்பதை முதல் பயணத்தில் நான் அறிந்திருக்கவில்லை. என் அப்பா சிறிய ஊர் ஒன்றில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். பள்ளி விடுமுறைகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, சரக்கைத் துடைத்து அடுக்கி வளர்ந்தவன் நான். எந்தப் பொருளைக் கண்டாலும் கவிழ்த்து அடியைப் பார்ப்பதும், விளிம்பைக் கட்டைவிரலால் தடவுவதும், தட்டிச் சத்தம் கேட்பதும் அங்கே படிந்த பழக்கங்கள். அருங்காட்சியகத்தில் இந்தப் பழக்கங்களில் ஒன்றுக்குக்கூட இடமில்லை. ஆனாலும் கண் அதே வேலையைத்தான் செய்கிறது. இங்கே நான் எழுதுவதும் அந்தக் கண்ணால் பார்த்தது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கட்டடத்தை வடிவமைத்த யோசெஃப் கோச்சார் 1880இல் பிறந்தவர். யான் கொத்யெரா என்ற பெரிய கட்டடக் கலைஞரிடம் பயின்றவர். இந்தப் பணி அவர் கைக்கு வந்தபோது அவருக்கு வயது 31. ஆனால் கடை கட்டுவது அவருக்குப் புதிதன்று. செக் நாட்டின் மேற்குப் பகுதியான போஹீமியாவின் வடகிழக்கில் யரோமியர்ஷ் என்னும் சிற்றூரில் வெங்கெ என்ற வணிகருக்காக அவர் ஏற்கெனவே ஓர் அங்காடியைக் கட்டியிருந்தார். அதன் முகப்பு ஏறக்குறைய முழுவதும் கண்ணாடி. சுவர் எடையைத் தாங்க வேண்டியதில்லை, திரையைப் போலத் தொங்கினால் போதும் என்ற எண்ணம் அக்காலத்துக்கு மிகவும் புதியது. அந்த வெங்கெ கடையும் இன்று அந்த ஊரின் அருங்காட்சியகமாகத்தான் இருக்கிறது. ஒரே மனிதர் அடுத்தடுத்துக் கட்டிய இரண்டு கடைகளும் அருங்காட்சியகங்களாக முடிந்திருப்பதை எண்ணிப் பார்த்தால், அவர் கட்டிய கடைகளில் சரக்கைவிடக் கட்டடமே கண்ணை இழுத்தது என்று தோன்றும். ஒரு வணிகர் இதைக் கேட்டு மகிழ்வாரா என்பது வேறு செய்தி.

வெங்கெ கடையைப் போன்ற கண்ணாடித் திரை செலெட்னா தெருவில் செல்லாது. போஹீமிய அரசர்களின் முடிசூட்டு ஊர்வலம் கோட்டையை நோக்கிச் சென்ற பாதை இது. இருபுறமும் பரோக் முகப்புகள் வரிசையாக நிற்கின்றன. கூரைகள் சரிந்தும், சாளரங்களின் மேல் வளைவுகள் அலைந்தும், தெருவே இலேசாக வளைந்தும் போகிறது. பழைய நகரத்தின் தோற்றம் கெடக்கூடாது என்று வாதாடியவர்கள் அப்போது பிராகில் வலுவாக இருந்தார்கள். புதிய கட்டடம் சுற்றுப்புறத்தோடு இணங்க வேண்டும் என்பது அதிகாரிகளின் எதிர்பார்ப்பாகவும் இருந்தது. கோச்சார் முதலில் வரைந்த வடிவத்தை மாற்றி மறுபடியும் வரைந்தார். அந்த மாற்றத்தில்தான் கியூபிசம் உள்ளே வந்தது.

பழமைக்கு இணங்கச் சொன்னபோது ஒருவர் தம் காலத்தின் மிகப் புதிய வடிவத்தைக் கையிலெடுத்தார் என்பது முதலில் எனக்கு முரணாகத் தெரிந்தது. எதிர்ப்புறம் நின்று நெடுநேரம் பார்த்த பிறகுதான் அதில் முரண் இல்லை என்று புரிந்தது. நேர்கோடும் செங்கோணமும் மட்டுமே கொண்ட நவீனக் கட்டடம் இந்தத் தெருவில் கட்டை குத்தியதுபோல நின்றிருக்கும். சாய்வு பரோக்கின் தாய்மொழி. பரோக் சுவரை வளைத்து அசைத்தது. கோச்சார் அதே சுவரைப் பட்டை தீட்டி அசைத்தார். கூரை அண்டை வீடுகளின் கூரையைப் போலவே இரண்டு அடுக்காகச் சரிகிறது. அதில் பதித்த சாளரங்களும் அண்டை வீட்டுச் சாளரங்களின் உயரத்திலேயே எட்டிப் பார்க்கின்றன. ஆனால் ஒவ்வொன்றின் முகமும் மடித்த காகிதத்தைப் போலக் கோணமுற்றிருக்கிறது.

முகப்பின் நடுவே சாளரங்கள் தட்டையாக அமையாமல், வெளியே முன்தள்ளி மூன்று முகமாக உடைந்து நிற்கின்றன. அவற்றுக்கு மேலே கனத்த கொடுங்கை ஒன்று முகப்பைக் கிடையாக வெட்டுகிறது. அதற்கும் மேலே, சாளரங்களுக்கு இடையில், வரியோடிய குட்டைத் தூண்கள். நுழைவாயிலில் இரண்டு தூண்கள் நிற்கின்றன. அவற்றின் போதிகைகளில் இலையும் இல்லை, சுருளும் இல்லை, வெறும் கோணங்களே உண்டு. தூணுக்குப் பட்டை எடுப்பது தமிழ்ச் சிற்பிகளுக்குப் பழகிய வேலைதான். எண்பட்டை, பதினாறுபட்டை என்று எண்ணிச் சொல்லும் வழக்கமே நம்மிடம் உண்டு. ஆனால் அங்கே பட்டை தூணைச் சுற்றி ஒரே சீராக ஓடும். இங்கே பட்டைகள் சீரற்று, ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு, சுவருக்கு உள்ளிருந்து ஏதோ ஒன்று வெளியே முட்டுவதைப் போலத் தெரிகின்றன. சூரியன் நகரும்போது நிழலின் ஓரங்களும் நகர்வதால், காலையில் பார்த்த முகப்பும் மாலையில் பார்த்த முகப்பும் வெவ்வேறாக இருந்தன.

இத்தனை கோணலும் தோலில்தான். உள்ளே எலும்புக்கூடு மிகவும் நேரானது. இரும்புக் கம்பி பின்னிய கான்கிரீட்டால் தூண்களும் உத்திரங்களும் அமைத்து எடையை அவற்றின் மேல் ஏற்றிவிட்டதால், சுவர்கள் விடுதலை பெற்றன. கடைக்கு வேண்டியதும் அதுதான். தரைத்தளத்தில் அகன்ற காட்சிச் சாளரங்கள் வேண்டும். உள்ளே வாடிக்கையாளர் ஒரு மூலையிலிருந்து மறுமூலைச் சரக்கைப் பார்க்கும்படி திறந்த கூடம் வேண்டும். முதல் தளத்தில் அமைந்த காபிக்கூடம் முழுவதும் நடுவில் ஒரு தூணும் இல்லாமல் பரந்து கிடந்தது. அதன் பெயர் கிராண்ட் கஃபே ஓரியன்ட். விளக்குகளும் பரிமாறும் மேடையும் உள்பட, அந்தக் கூடத்தின் உள்ளலங்காரத்தையும் கோச்சாரே வரைந்தார். கட்டடத்தின் தோலும் காபிக் கூடத்தின் விளக்கும் ஒரே கையால் வரையப்பட வேண்டும் என்பது அந்தத் தலைமுறையின் பிடிவாதம்.

அந்தப் பிடிவாதத்துக்கு ஒரு கொள்கை அடித்தளம் இருந்தது. அதை எழுதியவர் பாவெல் யனாக் என்ற கட்டடக் கலைஞர். 1882இல் பிறந்து, வியன்னாவில் ஓட்டோ வாக்னர் என்ற கட்டடக் கலைஞரிடம் பயின்று, பின்பு பயனே வடிவத்தைத் தீர்மானிக்க வேண்டும் என்ற அந்த ஆசானின் பயன்வாதமே போதாது என்று திரும்பியவர். பட்டகத்தையும் பிரமிடையும் எதிரெதிரே நிறுத்தி அவர் எழுதிய கட்டுரை, செக் கியூபிசத்துக்குக் கொள்கை விளக்கமாக நின்றது. அதன் சாரத்தை என் சொற்களில் சொல்கிறேன். இயற்கையில் உயிரற்ற பொருள் எடையின் வழியே செல்கிறது: மழை நேராக விழுகிறது, நீர் கிடையாகப் படுக்கிறது. நேர்குத்தும் கிடையும் அமைதியின் கோடுகள். செங்கோணக் கட்டடங்கள் எல்லாம் அந்த அமைதியோடு முடிந்துவிடுகின்றன. மூன்றாவது விசை ஒன்று குறுக்கிட்டால்தான் சாய்வு பிறக்கிறது. காற்று தள்ளினால் பனி சாய்ந்து விழுகிறது. பொருளுக்குள் ஒரு விசை வேலை செய்தால் படிகம் உருவாகிறது. கலைஞனின் மனமும் பொருளுக்குள் புகும் அத்தகைய விசைதான். ஆகவே அது தொட்ட பொருள் சாய்வும் கூரும் கொள்ள வேண்டும். இவ்வளவுதான் வாதம்.

பாரிசில் கியூபிசம் ஓவியர்களின் வேலையாகவே பெரும்பாலும் இருந்தது. அதை வீடாகவும் நாற்காலியாகவும் சர்க்கரைக் கிண்ணமாகவும் மாற்றிப் பார்த்தவர்கள் பிராக்காரர்கள். வேறு எங்கும் இது இந்த அளவுக்கு நடக்கவில்லை. 1911இல் ஓவியர்களும் சிற்பிகளும் கட்டடக் கலைஞர்களும் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள்; தங்களுக்கென ஒரு மாத இதழும் நடத்தினார்கள். அதற்கு முன்பே, 1908இல், அர்த்யெல் என்ற கூட்டுறவு அமைப்பு தொடங்கியிருந்தது. அன்றாட வீட்டுப் பொருள்களில் நல்ல வடிவத்தைக் கொண்டுவருவதே அதன் நோக்கம். யனாகும் விளாஸ்திஸ்லாவ் ஹோஃப்மனும் வரைந்த பீங்கான் பாத்திரங்கள் அர்த்யெல் வழியாகத்தான் விற்பனைக்கு வந்தன. 1912இல் கோச்சாரும் யனாகும் மரப்பொருள்களுக்காகத் தனியாகப் பட்டறை ஒன்றைத் தொடங்கினார்கள். இவர்கள் யாரும் அருங்காட்சியகத்துக்காக வரையவில்லை. வாங்குவார்கள் என்று எதிர்பார்த்துத்தான் வரைந்தார்கள்.

இப்போது உள்ளே போவோம். அருங்காட்சியகத்துக்கு ஏறும் படிக்கட்டில் முதல் சில படிகளிலேயே நின்று, தலையை உயர்த்திப் பார்க்க வேண்டும். படிகள் சுழன்று ஏறும் நடுவெளி, கீழிருந்து பார்க்கும்போது ஒரு மின்விளக்குக் குமிழின் வடிவமாகத் தெரியும்: மேலே அகன்ற உருளை, கீழே ஒடுங்கிய கழுத்து. இந்தக் கட்டடத்தில் மிகுதியாகப் படமெடுக்கப்படும் இடம் இதுவாகத்தான் இருக்கும். நான் நின்ற பத்து நிமிடத்தில் ஏழு பேர் தரையில் கைப்பேசியை மல்லாக்க வைத்துப் படமெடுத்தார்கள். முகப்பு முழுவதும் கோணமாக இருக்க, படிக்கட்டு மட்டும் வளைவாக இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. கொள்கைக்கு முழுவதும் அடங்கிவிடாத கட்டடக்காரர் என்று கோச்சாரைப் பற்றி நான் முடிவுகட்டியது அந்தப் படிக்கட்டில்தான். ஏறுகிறவனின் கால் வளைவைத்தான் கேட்கும். கோணத்தில் திரும்பச் சொன்னால் தடுமாறும்.

நாற்காலிகளின் முன்னால் எனக்கு அந்த நம்பிக்கை குறைந்தது. ஓக் மரத்தில் செய்து கருநிறம் ஏற்றிய நாற்காலி ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். முன்கால் நேராக இறங்காமல் நடுவில் வெளியே பிதுங்கி, பிறகு ஒடுங்கித் தரையைத் தொடுகிறது. முதுகுப் பலகை ஒரே பலகையாக இல்லாமல் முக்கோணங்களாக மடிந்திருக்கிறது. பார்ப்பதற்கு, இப்போதுதான் துள்ளி எழப்போகும் விலங்கைப் போல இருக்கிறது. ஆனால் மரத்தின் நார் நீளவாக்கில் ஓடுவது. அதைக் குறுக்கே வெட்டிக் கூராக்கினால் அந்தக் கூர்முனை எளிதில் சிதறும். பட்டைக்குப் பின்னால் சட்டகத்தைப் பார்த்தால் வழக்கமான நாற்காலிச் சட்டகமே இருக்கிறது. விசை எல்லாம் மேலே ஒட்டிய தோலில்தான். கட்டடத்தில் இந்தக் குறை தெரியவில்லை, ஏனென்றால் சுவரில் யாரும் உட்காருவதில்லை. நாற்காலியில் முழங்காலும் முழங்கையும் போய்த் தொடும். நடிகர் ஒருவருக்காக 1913இல் கோச்சார் வடிவமைத்த அறைக்கலன்களைப் பற்றிப் படித்தபோது, அந்த நடிகர் மேடையில் வாழ்ந்து பழகியவர் என்பதால் பொறுத்துக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

மரத்தைவிட மண் கியூபிசத்துக்கு நன்றாக இணங்கியிருக்கிறது. குயவன் சக்கரத்தில் பட்டை வராது என்பது உண்மை. சுழலும் சக்கரம் வட்டத்தை மட்டுமே தரும். இந்தப் பாத்திரங்கள் அச்சில் வார்க்கப்பட்டவை. 1911இல் யனாக் வடிவமைத்த மூடியுள்ள சிறு பெட்டி ஒன்று இந்தக் கலை முழுமைக்கும் அடையாளமாகிவிட்டது. உள்ளங்கையில் அடங்கும் அளவு, வெண்ணிற மெருகு, ஒவ்வொரு பட்டையின் ஓரத்திலும் கறுப்புக் கோடு. மேசையில் வைத்த படிகக்கல் போல இருக்கிறது. மலிவான மண்ணுக்கு மணியின் வடிவம் கொடுத்துவிட்டு, இது மணியன்று என்று அந்தக் கறுப்புக் கோட்டாலேயே சொல்லிவிடுகிறார். அதே ஆண்டு அவர் வரைந்த காபிக் கோப்பைகளிலும் அந்தக் கறுப்புக் கோடு மின்னலைப் போல மடிந்து ஓடுகிறது. நான் கண்ணாடிப் பேழைக்கு முன் குனிந்து, கோப்பையின் காது எங்கே பொருந்துகிறது என்று நெடுநேரம் பார்த்தேன். கோணக் காதில் விரல் எப்படி நுழையும்? நுழையும், ஆனால் ஒரு விரல் மட்டும். இரண்டு விரலும் கட்டைவிரலுமாகப் பிடித்துக் குடிப்பவருக்கு இது உதவாது. அப்பா இதைக் கடையில் வைத்திருந்தால், மேல் தட்டில், கை எட்டாத இடத்தில் வைத்திருப்பார்.

விற்றதா என்ற கேள்வி இங்கே இயல்பாக எழுகிறது. பெருமளவில் விற்றிருந்தால் இன்று ஒவ்வொரு பிராக் குடும்பத்தின் அலமாரியிலும் ஒன்று இருக்கும். அப்படி இல்லை. மரப்பொருள்கள் பெரும்பாலும் குறிப்பிட்ட ஒருவர் கேட்டுச் செய்தவை. தச்சர் ஒவ்வொரு கோணத்தையும் கையால் அறுத்துச் சேர்த்ததால் விலையும் ஏறியது. 1914இல் போர் வந்து, வாங்கக்கூடியவர்களின் எண்ணத்தையும் பணத்தையும் வேறு பக்கம் திருப்பிவிட்டது. போர் முடிந்து 1918இல் செக்கோஸ்லோவாக்கியா பிறந்தபோது, அதே கலைஞர்கள் கூர்முனையைக் கைவிட்டு, வட்டமும் உருளையும் தேசிய வண்ணங்களும் கலந்த வேறொரு பாணிக்கு நகர்ந்தார்கள். அதைப் பார்க்க விரும்புகிறவர்கள் இங்கிருந்து சற்றே நடந்து பொரிச்சீ தெருவில் உள்ள லெகியோ வங்கிக்குப் போகலாம். 1922, 1923ஆம் ஆண்டுகளில் கோச்சார் கட்டிய அந்த வங்கியின் முகப்பில், போர்வீரர்கள் வீடு திரும்புவதை ஓட்டோ குட்ஃப்ராய்ண்ட் என்ற சிற்பி நீண்ட சிற்பப்பட்டையாகச் செதுக்கியிருக்கிறார். சில ஆண்டுகள் கழித்து அந்தப் பாணியும் போனது. கோச்சாரும் தட்டையான வெள்ளைச் சுவர்களுக்கு வந்து சேர்ந்தார்.

கடையின் கதியும் ஏறக்குறைய இதுவே. காபிக்கூடம் பத்தாண்டுகளைத் தாண்டி அதிக நாள் தாக்குப்பிடிக்கவில்லை. 1920களில், கியூபிசம் பழைய நாகரிகமாகிப்போன காலத்தில், அது மூடப்பட்டது. விளக்குகளும் மேசைகளும் கலைந்து போயின. தூணில்லாத கூடத்தைத் தடுப்புகள் போட்டு அலுவலக அறைகளாக்கினார்கள். பின்னாளில் வந்த கம்யூனிச ஆட்சிக் காலம் முழுவதும் கட்டடம் அப்படியே அலுவலகமாகத்தான் இருந்தது. அந்தத் தடுப்பு அலுவலகங்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. சிறப்பான கடையாகத் தொடர்ந்திருந்தால், ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒரு முறை நாகரிகத்துக்கேற்ப முகப்பை மாற்றியிருப்பார்கள். கடைக்காரர்கள் முதலில் மாற்றுவது காட்சிச் சாளரத்தைத்தான். கோப்புகளை மட்டும் அடுக்கி வைத்திருந்த சோம்பேறி அலுவலகங்கள், மாற்றும் அக்கறை இல்லாததாலேயே கட்டடத்தைக் காப்பாற்றிவிட்டன.

1990களின் தொடக்கத்தில் காரெல் பிராகெர் என்னும் கட்டடக் கலைஞரின் பொறுப்பில் கட்டடம் சீரமைக்கப்பட்டு, 1994இல் முதல் முறையாகக் கியூபிசக் காட்சிக்கூடமாகத் திறக்கப்பட்டது. பிறகு 2003இல் தேசிய ஓவியக்கூடம் இதைச் செக் கியூபிச அருங்காட்சியகமாக நடத்தத் தொடங்கியது. 2015 முதல் அலங்காரக் கலை அருங்காட்சியகத்தின் தொகுப்பு இங்கே இருக்கிறது. மூன்று நிறுவனங்களின் கை மாறியதில் கடைசியாக வந்ததே மிகப் பொருத்தம் என்பது என் எண்ணம். ஓவியக்கூடம் நடத்தினால் இங்கே ஓவியம் அரசனாகவும் நாற்காலி பரிவாரமாகவும் இருக்கும். அலங்காரக் கலை அருங்காட்சியகத்தின் கையில் நாற்காலியே அரசன்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. அலங்காரக் கலை அருங்காட்சியகம் என்ற நிறுவனமே கடைத்தெருவின் பிள்ளை. 1851இல் இலண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் உலகத்தின் தொழிற்சாலைச் சரக்கை ஒரே கூரைக்குக் கீழ் பார்த்தவர்கள், தங்கள் நாட்டுச் சரக்கின் வடிவம் எவ்வளவு மட்டமாக இருக்கிறது என்று கண்டு வெட்கப்பட்டார்கள். தொழில் செய்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நல்ல மாதிரிகளைக் கண்ணில் காட்டினால் சுவை திருந்தும், ஏற்றுமதியும் பெருகும் என்ற கணக்கில் தென் கென்சிங்டனில் ஓர் அருங்காட்சியகம் தொடங்கினார்கள். வியன்னா 1864இல் அதே வழியில் சென்றது. பிராகில் 1885இல் இதைத் தொடங்கியது அரசரோ பல்கலைக்கழகமோ அன்று. வணிக, தொழில் மன்றம்தான். பிறகு 1897க்கும் 1899க்கும் இடையில் யோசெஃப் ஷுல்ட்ஸ் வடிவமைத்த மறுமலர்ச்சிப் பாணி மாளிகை அதற்கு நிலையான இல்லமாயிற்று. பழைய யூத இடுகாட்டை ஒட்டி நிற்கும் அந்த மாளிகையில் வண்ணக் கண்ணாடியும் வளைந்த படிக்கட்டும் அழகுதான். ஆனால் அது அரண்மனையாக வேடமிட்ட கட்டடம். வணிகர்கள் தொடங்கிய நிறுவனம் தன் பொருள்களில் ஒரு பகுதியை வணிகர் ஒருவர் கட்டிய கடையில் கொண்டுவந்து வைத்திருப்பதில், வேடம் கலைந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பிய இயல்பு இருக்கிறது.

கடைக்கும் காட்சிக்கூடத்துக்கும் இடையில் தீராத பகை ஒன்றும் இங்கே தெரிகிறது. அது வெளிச்சம். கடைக்கு வெளிச்சம் வேண்டும். துணியின் நிறத்தை வாசலில் கொண்டுபோய்ப் பார்க்காத வாடிக்கையாளர் யார்? கோச்சார் அதற்காகத்தான் சாளரங்களை முன்னே தள்ளி மூன்று பக்கமும் திறந்தார். காட்சிக்கூடத்துக்கோ வெளிச்சம் எதிரி. சுவரொட்டியும் நெய்த துணியும் நீர்வண்ணமும் பகல் வெளிச்சத்தில் மங்கிப்போகும். ஆகவே நான் போன நாளில் பல சாளரங்களில் திரை இறங்கியிருந்தது. மண்பாண்டமும் உலோகமும் வெளிச்சத்துக்கு அஞ்சாதவை. அவை இருந்த ஓர் இடத்தில் மட்டும் திரை பாதி விலகி, பழச்சந்தைச் சதுக்கம் தெரிந்தது. அந்தச் சதுக்கத்தின் மறுகோடியில்தான் மோட்சார்ட்டின் இசைநாடகம் ஒன்று 1787இல் முதன்முதலாக அரங்கேறிய பழைய நாடக அரங்கு நிற்கிறது. உள்ளே பேழையில் கூர்முனைகொண்ட கடிகாரம், வெளியே சதுக்கத்தின் வளைந்த கூரைகள் என்று இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்க முடிந்த அந்த ஒரு சாளரத்துக்காகவே நுழைவுச்சீட்டுக் காசு தகும். பிற அறைகளில், கட்டடத்துக்குள் இருக்கிறோம் என்பதே சற்று நேரத்தில் மறந்துபோகிறது. சாளரங்கள் அனைத்தையும் திறந்து, வெளிச்சம் தாங்கும் பொருள்களை மட்டும் வைத்தால் தொகுப்பு பாதியாகக் குறையும். ஆனால் மிச்சம் இருப்பது இருமடங்கு பேசும். காப்பாளர்கள் இதை ஒப்ப மாட்டார்கள்.

காபிக்கூடத்தை 2005இல் மறுபடியும் திறந்தார்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களையும் வரைபடங்களையும் வைத்து விளக்குகளும் பரிமாறும் மேடையும் புதிதாகச் செய்யப்பட்டன. ஆகவே நீங்கள் சாய்ந்து உட்காரும் எதுவும் 1912இன் பொருள் அன்று. மறுபடைப்பு என்றாலே முகம் சுளிக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. இந்த இடத்தில் நான் அவர்களோடு சேரவில்லை. மேல் தளத்தில் உண்மையான பொருள் பேழைக்குள் தொட முடியாமல் இருக்கிறது. முதல் தளத்தில் தொடக்கூடியது நகலாக இருக்கிறது. உட்கார்ந்து பார்த்தபோதுதான் அந்தக் கூடத்தின் விகிதம் உடம்புக்குத் தெரிந்தது. தூணில்லாத கூரையும், அதன் உத்திரங்களும், கூரையிலிருந்து இறங்கும் விளக்கின் மடிப்பு நிழலும் ஒன்றாக வேலை செய்கின்றன. பிராக் இனிப்புக் கடைகளில் வளையமாகச் செய்யும் ஒரு பாலாடைப் பலகாரம் உண்டு. இங்கே மட்டும் அதைச் சதுர வளையமாகச் செய்து தருகிறார்கள். சுவை வளையத்தின் சுவைதான். மூலையில் பாலாடை கொஞ்சம் கூடுதலாகச் சேர்கிறது.

இதே வாரத்தில் நான் பார்த்த இன்னொரு கட்டடத்தை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. வெடிமருந்துக் கோபுரத்தை ஒட்டியே நகர மன்ற மாளிகை நிற்கிறது. கொடியும் பூவும் பெண்முகமும் பொற்சுருளுமாக ஆர்ட் நூவோ பாணியில் அதுவும் 1912இல்தான் முடிந்தது. இரண்டு கட்டடங்களுக்கும் இடையே சில நிமிட நடை. அங்கே பூச்சு வேலைக்காரர்கள் கடைசிச் சுருளுக்குப் பொன் பூசிக்கொண்டிருந்த காலத்தில், இங்கே சுருள் என்பதே வேண்டாம் என்று கோணங்களை வார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டிலும் காபிக்கூடம் உண்டு. அங்கே கூட்டம் அதிகம்.

இறங்கி வரும்போது தரைத்தளத்தில் ஒரு கடை இருந்தது. அர்த்யெல் பொருள்களை மறுபடியும் வார்த்து விற்கிறார்கள். ஹெர்ப்ஸ்ட் சரக்கு விற்ற அதே தளம். யனாகின் சிறு பெட்டியின் நகல் அலமாரியில் இருந்தது. எடுத்துப் பார்க்கலாமா என்று சைகையால் கேட்டேன். விற்பனைப் பெண் தலையசைத்தார். முதலில் கவிழ்த்து அடியைப் பார்த்தேன். பிறகு ஓரங்களைக் கட்டைவிரலால் தடவினேன். கறுப்புக் கோடு ஓடிய ஓரம் கண்ணுக்குத் தெரிந்த அளவுக்குக் கைக்குக் கூர்மையாக இல்லை. மெருகு அதை இலேசாக மழுக்கியிருந்தது. மூடியைத் திறந்தேன். மூடும்போது அது உட்காரவில்லை. வட்ட மூடி என்றால் எப்படி வைத்தாலும் உட்கார்ந்துவிடும். இதற்குக் கீழ்ப்பட்டையும் மேல்பட்டையும் நேர்படத் திருப்ப வேண்டும். நான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண் கையை நீட்டி, பார்க்காமலேயே ஒரே திருகில் மூடிவிட்டார். நாள்தோறும் எத்தனை பேருக்கு மூடிக்காட்டியிருப்பாரோ.

விலையைக் கேட்டேன். அப்பாவின் கடையில் அந்தப் பணத்துக்கு ஒரு கல்யாணச் சீர் வாங்கலாம். வாங்கிக்கொண்டேன். இப்போது என் மேசையில் ஊக்குகள் போட்டு வைத்திருக்கிறேன். மூடியைத் திறந்தபடியே வைத்திருக்கிறேன்.